பேஸ்மென்ட் மேல் ஒரு பிராது

நோட்டீஸ் ஒட்ட வந்தவன் பசை வாளியை ஜான்சியின் மேஜை மேலேயே வைத்தான்.

"ஹலோ, அது பேஷன்ட் ஃபைல் வைக்கிற இடம்."

"ஒரே நிமிஷம்மா. கண்ணாடிக் கதவுல ஒட்டவா, செவுத்துல ஒட்டவா? கதவுல ஒட்டுனா அப்புறம் சொரண்டுறது உங்களுக்குத்தான் கஷ்டம்."

அவ்வளவு அக்கறையாகக் கேட்டுவிட்டு, கதவிலேயே ஒட்டினான்.

ஜான்சியால் உடனே எழுந்துபோய்ப் படிக்க முடியவில்லை. அவள் கையில் பஞ்சு. பஞ்சில் ரத்தம். ரத்தம் கொளஞ்சியப்பனுடையது.

கொளஞ்சியப்பன் லாரி டிரைவர். பண்ருட்டிப் பலாவை வடக்கே பல ஊர்களுக்கு ஏற்றிப் போனவர். போன தையில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே பக்கவாதம். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது. ஜான்சியின் பிசியோதெரபி சென்டருக்கு வர ஆரம்பித்த பிறகுதான் ஊன்றி நிற்கப் பழகியிருந்தார். அந்த மனிதர் இன்று காலை இதே கட்டடத்தின் வாசல்படியில் விழுந்து நெற்றியை உடைத்துக்கொண்டார்.

காரணம் எளிது. வேனை நிறுத்த இடமில்லை. வாசலில் இரண்டு வரிசை பைக். அதற்கு வெளியே ஒரு கார். அதற்கும் வெளியே வேனை நிறுத்தி, டிராபிக் போலீஸ் விசில் ஊத ஊத, அவர் மனைவி சௌந்தரமும் ஜான்சியும் ஆளுக்கொரு அக்குளில் தாங்கி இறக்கினார்கள். கடலூர் மழைத்தண்ணீருக்குப் பயந்து உயர்த்திக் கட்டிய கட்டடம் அது. ஏறிப் போக வரிசையாகப் படி. மூன்றாவது படியில் கால் மடங்கியது.

"என்னா எழுதியிருக்கான்? சத்தமாப் படி டாக்டரம்மா" என்றாள் சௌந்தரம். மங்கலம்பேட்டைக்காரி. பண்ருட்டியில் பலா வியாபாரம். அவள் சாதாரணமாகப் பேசினாலே பக்கத்துக் கடையில் விலை குறையும்.

ஜான்சி படித்தாள். படிக்கப் படிக்க அவள் குரல் மாறியது.

"வாகன நிறுத்துமிடம் இல்லாத இடத்தில் மருத்துவச் சேவை நடத்துவதால் பொதுப் போக்குவரத்துக்கு இடையூறு... வரும் வெள்ளிக்கிழமைக்குள் சிகிச்சை மையத்தைக் காலி செய்யத் தவறினால் பூட்டி சீல் வைக்கப்படும்."

"யாருக்குப் போட்டிருக்கான்?"

"எனக்கு."

"கட்டடம் உன்துதா?"

"இல்ல."

"பார்க்கிங்கை நீ முழுங்கிட்டியா?"

"இல்லக்கா."

"அப்ப முழுங்குனவன் எங்க?"

கொளஞ்சியப்பன் கோணிய வாயால் ஏதோ சொன்னார். சரியாகப் புரியவில்லை. ஆனால் அது கெட்ட வார்த்தை என்பது மட்டும் இருவருக்கும் புரிந்தது.

*

முழுங்கியவர் சிதம்பரத்தில் இருந்தார்.

பெயர் செந்தமிழ்செல்வன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் செந்தமிழ் பிளாசா அவருடையது. தரைத்தளத்தில் அவரே நடத்தும் மொபைல் ஷோரூம். முதல் மாடியில் துணிக்கடை. இரண்டாவது மாடியில் ஜான்சி. எல்லாவற்றுக்கும் அடியில் பேஸ்மென்ட்.

கால் விழுந்த நோயாளிகளுக்கு ஏன் இரண்டாவது மாடியில் இடம் பிடித்தாய் என்று எல்லோரும் ஜான்சியைக் கேட்பார்கள். பேஸ்மென்ட்டுக்காகத்தான் பிடித்தாள். வாடகை பேசப் போனபோது செந்தமிழ்செல்வன் அரசாங்க முத்திரை குத்திய வரைபடத்தை விரித்துக் காட்டியிருந்தார். பக்கவாட்டுச் சரிவில் வண்டி நேராக பேஸ்மென்ட்டுக்கு இறங்கும். அங்கேயே லிஃப்ட். சக்கர நாற்காலியை உருட்டினால் போதும், படியே கிடையாது. கடைகளுக்காகக் கட்டடம் கட்டினால் இத்தனை வண்டிக்கு இடம் விட வேண்டும், உடல் ஊனமுற்றோருக்கு லிஃப்ட் பக்கத்தில் இடம் ஒதுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த விதிப்படி வரைபடம் காட்டித்தான் கட்டட அனுமதியே வாங்கியிருந்தார். நகையை அடகு வைத்துக் கருவிகள் வாங்கி ஜான்சி குடிவந்தாள்.

அவள் குடிவந்த மாதமே பேஸ்மென்ட்டுக்கு ஷட்டர் விழுந்தது. உள்ளே சோபா, கட்டில், டைனிங் டேபிள். ஃபர்னிச்சர் கடைக்காரனுக்குக் குடோன். சாமான் வரும்போதெல்லாம் மினி லாரி தெருவிலேயே நிற்கும். ஆட்கள் சோபாவைத் தலையில் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்குவார்கள். வண்டியையே உள்ளே விடலாமே, எதற்கு இந்தப் பாடு என்று ஜான்சி ஒருமுறை நினைத்ததுண்டு. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினாள்.

தேர் ஓடும் வீதிகளில் ஒன்றில் செந்தமிழ்செல்வனுடைய அடுத்த காம்ப்ளெக்ஸ் எழும்பிக்கொண்டிருந்தது. பச்சைத் துணி போர்த்திய சாரம். உள்ளே கம்பி கட்டும் சத்தம். எதிரே, தன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், வீதியில் பாதியை அடைத்துக்கொண்டு அவருடைய புது வெள்ளைக் கார். மலை ஏறுகிற சைஸ். சிதம்பரத்தில் மலை எங்கே இருக்கிறது என்று கேட்கக் கூடாது.

"வாம்மா. நோட்டீஸ் வந்திருக்குமே?"

ஜான்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஊருல யாரோ மொட்டைப் பெட்டிஷன் போட்டுட்டான், ரோடு அடைபடுதுன்னு. ஆபீஸ்ல கேட்டாங்க. யாரால அடைபடுதோ அவுங்களுக்கு அனுப்புங்கன்னு சொன்னேன். உன் ஆளுங்கதான் வேன்ல, ஆட்டோவுல வந்து எறங்குறாங்க. மொபைல் வாங்குறவன் நடந்தே வந்துடுறான்."

"சார், பேஸ்மென்ட்டத் திறந்தா ஒரு வண்டி ரோட்டுல நிக்காது. பிளான்ல பார்க்கிங்னுதான போட்டிருக்கு?"

செந்தமிழ்செல்வன் சிரித்தார்.

"பிளான்ல மரங்கூடத்தான் வரைஞ்சிருக்கு. அதுக்காக டெய்லி வந்து தண்ணி ஊத்துறியா?"

கம்பி கட்டிக்கொண்டிருந்தவர்கள் கூடச் சிரித்தார்கள். ஜான்சியின் காது மடல் எரிந்தது.

உள்ளேயிருந்து காபி டம்ளரோடு அவர் மனைவி இளவரசி வந்தாள். "யாரு மாமா விழுந்தது? ஷோரூமுல இருந்து போன் பண்ணாங்களே, ரத்தம் வந்துச்சாமே?"

"மங்கலம்பேட்டைக்காரர்ங்க. டிரைவர்" என்றாள் ஜான்சி.

"ஐயோ, எங்க அம்மா ஊருக்குப் பக்கமாச்சே" என்றாள் இளவரசி. கணவனைப் பார்த்தாள். கணவன் கட்டடத்தைப் பார்த்தார்.

*

திங்கட்கிழமை மனு வாங்கும் பெரிய ஆபீஸில் ஜான்சி வரிசையில் நின்றாள். வரைபடத்தின் நகல், ஷட்டரின் போட்டோ, கொளஞ்சியப்பனின் நெற்றித் தையல் போட்டோ. எல்லாவற்றையும் இணைத்து மனு கொடுத்தாள். பச்சை மை ரசீது கிடைத்தது. அந்தச் சின்ன காகிதத்தை ஜெபப் புத்தகத்தில் வைப்பதுபோல் பத்திரமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை போன்.

"'ஐயா, நான் மேற்கண்ட முகவரியில் பிசியோதெரபி மையம் நடத்திவருகிறேன்...' நல்லா எழுதியிருக்கம்மா. கையெழுத்து முத்து முத்தா இருக்கு."

செந்தமிழ்செல்வன். அவள் மனுவை அவளுக்கே வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

அரசாங்கத்தில் காகிதம் நகராது என்று சொல்பவன் யார்? ஒரே நாளில் பெரிய ஆபீஸிலிருந்து சின்ன ஆபீஸுக்கு இறங்கி, அங்கிருந்து குற்றம் சாட்டப்பட்டவரின் கைக்கே, 'தங்கள் மேலான கருத்துக்காக' என்று வந்து சேர்ந்திருக்கிறது!

"என் கருத்து என்னான்னா," என்றார் அவர், "வெள்ளிக்கிழமை காலி பண்ணிடு. உன் எடத்துக்கு ஜிம்முக்காரன் வர்றான். ஜாஸ்தி வாடகை தர்றேங்கிறான்."

இணைப்பு அறுந்தது.

ஜான்சி கைப்பையிலிருந்து ரசீதை எடுத்துக் கசக்கினாள். பிறகு அதை நீவினாள். மறுபடி கசக்கினாள். நடை பழகும் இரட்டைக் கம்பிக்கு நடுவில் நின்றுகொண்டிருந்த கொளஞ்சியப்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கம்பியைக் கழற்றிவிட்டால் அவர் எதைப் பிடித்து நிற்பார்?

"முடிஞ்சுதா உன் மனுவெல்லாம்?" என்றாள் சௌந்தரம். "இப்ப நான் சொல்றதக் கேளு. பிராது கட்டலாம்."

விருத்தாசலத்துக்குப் பக்கம் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில். அந்தச் சாமியின் பெயரைத்தான் சுற்றுவட்டாரத்தில் பாதிப்பேருக்கு வைத்திருக்கிறார்கள். கோர்ட்டுக்குப் போல அங்கே பிராது கொடுப்பார்கள். யார் மேல், என்ன குற்றம், எந்த ஊர் என்று காகிதத்தில் எழுதி, முனியப்பர் சன்னதி வேலில் கட்டிவிட வேண்டும். சாமி வந்து விசாரித்துவிட்டுப் போகும் தூரத்துக்கு ஏற்பக் கட்டணமும் உண்டு. வழக்கு தீர்ந்ததும் மறுபடி போய் 'ராஜினாமா' கொடுத்துப் பிராதைத் திரும்ப வாங்க வேண்டும். வாங்காத வரை விசாரணை நடந்துகொண்டே இருக்கும்.

"அக்கா, நான் சர்ச்சுக்குப் போறவ."

"சாமி மதம் கேக்காது. பேரு, ஊரு, குத்தம். அவ்ளோதான் கேக்கும். உன் ஆபீஸ்காரன் அதக்கூடக் கேக்கலியே."

"இதனாலெல்லாம் அந்தாளு பயப்படுவான்னு நினைக்கிறீங்களா?"

"பிராது நான் கட்டுறேன். விழுந்தது என் புருஷன். உனக்கு நம்பிக்க இல்லன்னா பரவால்ல. நல்லா எழுதுவியே, எழுதிக் குடு."

ஜான்சி எழுதிக் கொடுத்தாள். நம்பிக்கையில் அல்ல, ஆத்திரத்தில். பிளான், சரிவு, ஷட்டர், சோபா, படி, ரத்தம். திங்கட்கிழமை மனுவில் எழுதிய அதே விஷயம். 'ஐயா' வருகிற இடத்தில் மட்டும் சாமி பெயர்.

அன்று மாலையே கோயில் வாசலிலிருந்து சௌந்தரம் செந்தமிழ்செல்வனுக்குப் போன் போட்டாள்.

"யாரு?"

"நான் சௌந்தரம். உன் படியில விழுந்தாரே, அவரு பொஞ்சாதி. உன் பேரு, உங்கப்பா பேரு, கடலூர் காம்ப்ளெக்ஸ், எல்லாம் சாமிகிட்ட குடுத்துட்டேன். போக வரச் செலவும் கட்டியாச்சு. வருவாரு. வந்தா காபி கீபி குடு."

*

புதன்கிழமை. சிதம்பரம்.

ஆனித் தேருக்கு வீதிகளைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். தேர் வருகிற வீதியில் ஒரு கூரை நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஒரு பலகை தொங்கக் கூடாது. ஒரு வண்டி நிற்கக் கூடாது. மைக் கட்டிய ஆட்டோ காலையிலிருந்து கத்திக்கொண்டே போனது. செந்தமிழ்செல்வன் அதைக் கேட்டபடி இட்லி சாப்பிட்டார். வண்டியை எடுக்கவில்லை. எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? அவருடைய புதுக் கட்டடத்திலேயே அதற்கு இடமில்லை.

கை கழுவிவிட்டு வெளியே வந்தபோது புது வெள்ளைக் கார் முன்சக்கரம் அந்தரத்தில் தூக்கியபடி, போலீஸ் மீட்பு வண்டியின் பின்னால் போய்க்கொண்டிருந்தது. திருப்பத்தில் ஒரு மின்கம்பம். கிரீச்சென்று ஒரு சத்தம். கதவு முழுக்க ஒரே கோடு.

இளவரசி வாசலில் நின்று பார்த்தாள்.

"மாமா. அந்தப் பொம்பள போன் பண்ணிச்சே."

"ஏய், போலீஸ்காரன் தூக்கிட்டுப் போறான். இதுக்கும் சாமிக்கும் என்னாடி?"

"இத்தனை வண்டி நின்னுச்சு. எல்லாம் எடுத்துட்டாங்க. நம்மது மட்டும் ஏன் மாட்டுச்சு?"

"நான் எடுக்கல, அதான் மாட்டுச்சு."

"ஏன் எடுக்கல? உங்களுக்கு அந்த நேரத்துல ஏன் தோணல? யாரு தோண வுடாம பண்ணது?"

செந்தமிழ்செல்வன் செருப்பைத் தேடினார்.

"எங்க பெரியப்பா மேல பிராது கட்டுனாங்க, வரப்பு வெட்டுனதுக்கு. சிரிச்சாரு. அந்த வருஷமே மோட்டாரு கெணத்துல விழுந்துச்சு. அப்புறந்தான் போய்க் கால்ல விழுந்தாரு. நாளைக்கே கடலூர் போறோம். ராஜினாமா வாங்குறோம். இல்ல, நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்."

*

வியாழக்கிழமை மதியம், கணவனும் மனைவியும் ஜான்சியின் சென்டரில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது மாடிக்கு அவர் வந்தது இதுதான் முதல் தடவை. சுவரோரம் சௌந்தரம் நின்றாள். கொளஞ்சியப்பன் ரப்பர் பந்தை அமுக்கிப் பழகிக்கொண்டிருந்தார்.

"பாரும்மா" என்றார் செந்தமிழ்செல்வன். "மனுஷனுக்கு மனுஷன் கோவத்துல ஒரு வார்த்த வர்றதுதான். ஜிம்முக்காரன வேணாம்னுட்டேன். நீயே இரு. அந்தம்மாவ ராஜினாமா குடுக்கச் சொல்லு."

"நோட்டீஸ்? நாளைக்கு சீல் வைக்க வர்றாங்களே?"

"அது ஒரு போன்ல போயிடும்."

அந்த வார்த்தை ஜான்சியை அறைந்தது. ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. வரிசையில் நின்றது, ரசீது, கெஞ்சல், வேறு இடம் தேடி வெயிலில் அலைந்தது. எல்லாம் இவருடைய ஒரு போனில் வந்தது. ஒரு போனில் போகுமாம்.

"ஒரு போன்ல எப்படி சார் போகும்? வண்டி நிறுத்த எடம் இல்லைன்னு சட்டம் சொல்லுது. எடம் வந்துட்டா?"

"எடம் கெடக்குதும்மா. உனக்குக் கடை வேணுமா, வேணாமா?"

வேணும். 'சரி சார்' என்று இரண்டே வார்த்தை. கருவிகள் கழற்ற வேண்டாம், நகை மூழ்காது. ஜான்சி வாயைத் திறந்தாள். கொளஞ்சியப்பனின் நெற்றித் தையல் கண்ணில் பட்டது. நாளை இவர் மறுபடி அதே படியில்தான் ஏற வேண்டும். நாளை மறுநாளும்.

"நோட்டீஸைக் கேன்சல் பண்ண வேணாம் சார். வரட்டும். அவுங்க வர்றதுக்குள்ள பேஸ்மென்ட்டத் திறங்க. வண்டி உள்ள போகட்டும். அதப் பாத்துட்டு அவுங்களே போகட்டும்."

"சோபாவெல்லாம் நான் எங்கம்மா கொண்டுபோய் வைப்பேன்?"

"ரோட்டுல வைங்க" என்றாள் சௌந்தரம். "நாங்க அங்கதான வச்சோம்."

செந்தமிழ்செல்வன் மனைவியைப் பார்த்தார். இளவரசி கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், அம்மா வீட்டுக்குக் கிளம்புகிறவளைப் போல.

"சரி" என்றார். மனசுக்குள் கணக்கு வேறு. ஒரு நாள் காலி செய்வது, காட்டுவது, ராஜினாமா வாங்குவது. சனிக்கிழமை சோபா திரும்பிவிடும். "நானே என் வண்டிய எறக்கிக் காட்டுறேன். போதுமா?"

*

வெள்ளிக்கிழமை காலை ஷட்டர் உயர்ந்தது.

வாசலில் தெரு அடைக்கக் கூட்டம். தெருவோரம் முழுக்க சோபா. அதில் இரண்டு பேர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சக்கர நாற்காலியில் கொளஞ்சியப்பன். சரிவின் தலையில் ஜான்சி.

கதவில் நீளக் கோடு விழுந்த வெள்ளைக் கார் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. ஓட்டியவர் செந்தமிழ்செல்வன். ஜன்னலை இறக்கிக் கூட்டத்துக்குக் கை காட்டினார். சரிவில் இறங்கினார்.

பாதி இறங்கியதும் பிரேக் விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது.

"என்னா மாமா?" என்று மேலிருந்து இளவரசி கத்தினாள்.

"ஒண்ணுமில்ல! கொஞ்சம் டைட்டா இருக்கு!"

எஞ்சின் உறுமியது. பிறகு ஒரு சத்தம். சிதம்பரத்தில் மின்கம்பம் போட்ட அதே சத்தம், இந்த முறை இரண்டு பக்கமும்.

ஜான்சி குனிந்து பார்த்தாள். சரிவு திரும்புகிற இடத்தில், நட்ட நடுவில், ஒரு கான்கிரீட் தூண்.

அவளுக்கு எல்லாம் விளங்கியது. மேலே மொபைல் ஷோரூம் சரிவின் மேல் நீட்டிக் கட்டப்பட்டிருந்தது. வரைபடத்தில் அந்த நீட்டல் இல்லை. நீட்டியதைத் தாங்க அடியில் தூண். மினி லாரி ஏன் ஒருநாளும் உள்ளே போகவில்லை, சோபா ஏன் எப்போதும் தலையில் போனது... இந்த பேஸ்மென்ட்டுக்குள் எந்தக் காலத்திலும் ஒரு கார் இறங்கியதில்லை. தூணை எழுப்பியவரே ஒருநாளும் இறக்கிப் பார்த்ததில்லை, ஒதுங்கிப் போய்விடலாம் என்று நினைத்திருக்கிறார். இறங்கவும் முடியாது. ஆனாலும் 'வாகன நிறுத்துமிடம் விதிப்படி உள்ளது' என்று ஒருவர் பார்த்து, இன்னொருவர் சரிபார்த்து, மூன்றாமவர் முத்திரை குத்தியிருக்கிறார்!

"முன்னாடியும் போவல, பின்னாடியும் வரல" என்று காருக்குள்ளிருந்து குரல் வந்தது. "டோரும் தொறக்கல!"

ஒரு பக்கம் தூண். மறுபக்கம் சுவர். நடுவில் கட்டடத்தின் சொந்தக்காரர், தன் சொந்தப் பார்க்கிங்கில்.

கொளஞ்சியப்பன் சிரிக்க ஆரம்பித்தார். உடம்பு குலுங்கச் சிரித்தார். வலது கையைத் தூக்கி, லாரிக்குப் பின்னால் நிற்கும் கிளீனரைப் போல ஆட்டினார். "வா... வா... வா... ரைட்டு!" பக்கவாதத்துக்குப் பிறகு அவர் தெளிவாகச் சொன்ன முதல் வார்த்தைகள் அவை. கூட்டம் பிடித்துக்கொண்டது. "வா, வா, வா, ரைட்டு!"

"மணவாளநல்லூரானே!" இளவரசி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சாமி வந்துட்டாருடி" என்றாள் சௌந்தரம். "நம்ம பஸ்ஸவிட சீக்கிரம்."

அந்த நேரம் பார்த்துத்தான் ஜீப் வந்து நின்றது. சீல் வைக்க அரக்கும் மெழுகுவத்தியுமாகக் கட்டட ஆய்வாளர் இறங்கினார். சோபாவைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். சரிவில் எட்டிப் பார்த்தார். கார் டிக்கி வழியாகத் தலையை நீட்டிக்கொண்டிருந்தவரை அடையாளம் தெரிந்ததும் சட்டென்று திரும்பி நடந்தார்.

"சார்!" ஜான்சி குறுக்கே நின்றாள். "எங்க போறீங்க? பார்க்கிங் இல்லைன்னு எனக்கு சீல் வைக்க வந்தீங்கல்ல? பாத்துட்டுப் போங்க."

"நான் அப்புறம் வர்றேம்மா."

"இப்ப கண்ணால பாத்தத எழுதுங்க."

"இத எப்படிம்மா எழுத முடியும்? சரியா இருக்குன்னு எங்க ஆபீஸே கையெழுத்துப் போட்டிருக்குதே."

"அந்தக் கையெழுத்துக்கு நான் காலி பண்ணணுமா? இவரு மண்டை உடையணுமா? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ ஒரு வண்டிய விட்டுப் பாத்திருந்தா இந்தத் தூணு தெரிஞ்சிருக்காதா? ஆபீஸ் ஜீப் இல்லையா உங்ககிட்ட?"

ஆய்வாளர் ஜீப்பில் ஏறினார். டிரைவர் கிளப்பினார். ஜீப் நகரவில்லை. முன்னால் ஒரு கார், பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ, பக்கத்தில் இரண்டு வரிசை பைக், அந்தப் பக்கம் சோபா. ஹாரன் அடித்தார்கள். யாரும் அசையவில்லை. எந்த வண்டி யாருடையது என்றும் யாருக்கும் தெரியவில்லை.

"எறங்குங்க சார்" என்றாள் சௌந்தரம். "எங்களுக்கு டெய்லி இதான்."

கூட்டத்தில் போன்கள் உயர்ந்தன. ஆய்வாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு இறங்கி வந்து, இரண்டு மாடி ஏறி, கண்ணாடிக் கதவில் ஒட்டிய நோட்டீஸைச் சொரண்டி எடுத்தார். சரியாக வரவில்லை. நோட்டீஸ்காரன் சொன்னது உண்மைதான்.

புது நோட்டீஸ் ஜீப் பானட் மேல் வைத்து எழுதப்பட்டது. அனுமதியின்றி நீட்டிய ஷோரூமை இடிக்கவும், தூணை அகற்றவும், பேஸ்மென்ட்டை வாகனங்களுக்கு மட்டும் விடவும். பெறுநர்: செந்தமிழ்செல்வன்.

பெறுநர் டிக்கி வழியாக இறங்கி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு கையெழுத்துப் போட்டார். மறுக்கத்தான் வாயெடுத்தார். இளவரசி பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

சில வாரங்களில் ஷோரூமின் பாதி போனது. தூண் போனது. நீட்டியதை இடித்த பிறகு அந்தத் தூணுக்கு அங்கே வேலையே இல்லை. கொளஞ்சியப்பனின் வேன் முதல் வண்டியாகச் சரிவில் இறங்கியது. லிஃப்ட் இரண்டாவது மாடியில் திறந்தது. படி இல்லை, விசில் இல்லை, ரத்தம் இல்லை. இரட்டைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் எழுந்து நின்றார்.

ஜான்சிக்குச் சந்தோஷப்படத்தான் தோன்றியது. முழுசாக முடியவில்லை. விதி இருந்தது, முத்திரை இருந்தது, மனு வாங்க ஆள் இருந்தது. அத்தனையும் அசைக்காத மனிதரை அசைக்க, ஒரு காகிதத்தைக் கோயில் வேலில் கட்ட வேண்டியிருந்தது. இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது?

செந்தமிழ்செல்வன் தினம் போன் செய்தார். "ராஜினாமா எப்பம்மா?"

"திங்கட்கிழமை போலாம்னு சௌந்தரம் அக்கா சொல்றாங்க சார். நீங்களும் வாங்க."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஜான்சிக்கு என்னவோ தோன்றியது. வீட்டுக்குப் போகாமல் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினாள்.

தேர் ஓடி முடிந்திருந்தது. வீதியில் வண்டிகள் திரும்ப வந்துவிட்டன. கூரைகள் திரும்ப நீட்டிக்கொண்டன. புதுக் கட்டடத்தின் முன்னால் 'செந்தமிழ் பிளாசா - 2' என்று பெரிய பலகை. கீழே, படமாக, அழகான சரிவில் இறங்கும் ஒரு கார். பக்கத்தில் ஒரு மரம்.

வாட்ச்மேன் சாப்பிடப் போயிருந்தார். அவள் பச்சைத் துணியை விலக்கினாள்.

சரிவு போட்டிருந்தார்கள், வளைவு வரை. வளைவின் நட்ட நடுவில், ஆளுயரத்துக்கு, கட்டி முடித்த கம்பிக் கூடு நின்றது. கான்கிரீட் ஊற்றுவதுதான் பாக்கி.

ஜான்சி அந்தக் கம்பியைக் கையால் பிடித்தாள். வெயிலில் சுட்டது. விடவில்லை. இன்னொரு கையால் போனை எடுத்தாள்.

"சௌந்தரம் அக்கா. நாளைக்கு ராஜினாமா வேணாம்."

"ஏன் டாக்டரம்மா?"

"பேப்பர் எடுத்து வைங்க. நான் வந்து எழுதுறேன். இந்தத் தடவ கையெழுத்தும் நானே போடுறேன்."

"இப்ப யாரு மேல?"

"ஆளு அதே ஆளுதான்க்கா. ஊருதான் சிதம்பரம். சாமிக்குத் தூரமும் கம்மி."